அன்றைய எண்ணைப் பத்திரப்படுத்து

அன்புள்ள தம்பிக்கு,

ரிசர்வ் வங்கியின் ஆய்வுப் பிரிவில் சேர்ந்துவிட்டாய் என்று கேட்டு மனம் நிறைந்தது. ஜிடிபி வளர்ச்சிக் கணக்குகளைத்தான் முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். மென்பொருளில் உனக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. அந்த எண்களோடு எப்படிப் பழகுவது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சதவீதத்தை மட்டும் பார்த்து ஒரு வரிகூட எழுதாதே. எத்தனை கோடியிலிருந்து எத்தனை கோடிக்கு வந்தது என்பதைப் பக்கத்திலேயே எழுது. 2021 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் 20.1% வளர்ச்சி என்று செய்தி வந்தது. நிலையான விலையில் தொகையைப் பார்: 2019-இன் அதே காலாண்டில் 35.66 லட்சம் கோடி ரூபாய். ஊரடங்கு நேரத்தில், 2020-இல், 26.95; 2021-இல் 32.38. இருபது சதவீதம் ஏறியும், இரண்டு ஆண்டுக்கு முந்தைய நிலைக்கு 9% குறைவு! 24.4% விழுந்தது பழைய இடத்துக்கு வர 32% ஏற வேண்டும். அன்றைக்கு வட்டியை முடிவு செய்ய உட்கார்ந்தவர்களுக்கு இந்த இடைவெளிதான் முக்கியமாக இருந்தது.

நாம் சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுகிறோம். அமெரிக்காவில் பருவ ஏற்ற இறக்கத்தைக் கழித்து, முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டு, அதையே ஓராண்டு விகிதமாக விரித்துச் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுவிடாதே. நம் முறையில் திருப்பம் தாமதமாகத்தான் தெரியும்.

அடுத்தது, விலையைக் கழிக்கும் வேலை. நான் அதிகம் கவலைப்படுவது இங்கேதான். பிளாஸ்டிக் பக்கெட் செய்யும் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள். 100 ரூபாய்க்கு விற்கிறது, மூலப்பொருள் 60 ரூபாய், மதிப்புக் கூட்டல் 40. கச்சா எண்ணெய் விலை சரிந்து மூலப்பொருள் 48 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பக்கெட் எண்ணிக்கையும் விற்கும் விலையும் மாறவில்லை. மதிப்புக் கூட்டல் 52 ஆகிவிட்டது. விற்பனைக்கும் மூலப்பொருளுக்கும் தனித்தனியாக விலை மாற்றத்தைக் கழித்தால் வளர்ச்சி பூஜ்யம். ஒரே குறியீட்டால் வகுத்தால், அந்தக் குறியீடு அசையாமல் இருந்தாலே, 30% வளர்ச்சி! 2015-16-இல் மொத்த விலைப் பணவீக்கம் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது. சில்லறைப் பணவீக்கமோ 5 சதவீதத்தை ஒட்டி. தொழில்துறைக் கணக்கைப் பெரும்பாலும் மொத்த விலைக் குறியீட்டால்தான் வகுத்துக்கொண்டிருந்தோம். அந்த ஆண்டின் வளர்ச்சியைப் பற்றிப் பல பொருளாதார அறிஞர்கள் எழுப்பிய ஐயம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

கணக்கே பின்னால் திருத்தப்படுவது இன்னொரு சங்கதி. 2014 ஜனவரியில் அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் பணவீக்கத்தை அடக்க ரெப்போ விகிதத்தை 8 சதவீதமாக உயர்த்தினார். அந்த நிதியாண்டுக்கு அதுவரை வெளியாகியிருந்த காலாண்டு வளர்ச்சி எண்கள் 5 சதவீதத்துக்குக் கீழே. ஓராண்டு கழித்து, 2015 ஜனவரி கடைசியில், அடிப்படை ஆண்டு 2011-12-க்கு மாறியது. நிறுவனங்கள் அரசிடம் தாக்கல் செய்யும் கணக்குகள் பெரிய அளவில் உள்ளே வந்தன. தலைப்பு எண்ணும் சந்தை விலைக்கு மாற்றப்பட்டது. 2013-14-க்கு 4.7% என்று இருந்தது 6.9% ஆயிற்று. இறக்குமதியும் முதலீடும் சுணங்கிக் கிடந்த ஆண்டு அது. அப்போதைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியனே குழப்பமாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். சில நாளில் வந்த கொள்கை அறிவிப்பில் ரெப்போ விகிதத்தைத் தொடாமல் விட்ட ராஜன், புதிய எண்களைப் புரிந்துகொள்ள இன்னும் நேரம் வேண்டும் என்றார். மத்திய வங்கிக்காரர் ஒருவர் அப்படிப் பேசியதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பணமதிப்பு நீக்கம் நடந்த 2016-17-ஐ நினைத்துப் பார். முதலில் 7.1% என்றார்கள், 2019 ஜனவரியில் அது 8.2% ஆகத் திருத்தப்பட்டது. தறிக்கூடத்திலும் கடைத்தெருவிலும் கூலிக்கு ஆள் நிற்கும் சந்திகளிலும் அந்த மாதங்களில் பட்ட பாட்டைப் பார்த்தவர்களால் இந்த எண்ணை ஏற்க முடியவில்லை. அமைப்புசாராத் தொழில்களை ஆண்டுதோறும் நேரடியாக எண்ணும் ஏற்பாடு அப்போது இல்லை. 2010-11 கணக்கெடுப்பின் மட்டத்தை வேறு குறியீடுகளை வைத்து நகர்த்திக்கொண்டு வந்தார்கள். பெரிய நிறுவனம் நிமிர்ந்து நின்று சிறியது விழுந்தால் அந்த முறைக்கு அது தெரியவே தெரியாது. நீ தொகுக்கும் அட்டவணையில் யார் எண்ணப்படவில்லை என்பதை அடிக்குறிப்பாகவாவது எழுது. அந்த அடிக்குறிப்புக்காக மேலதிகாரியிடம் வாதாட வேண்டி வந்தாலும் வாதாடு.

ஏனென்றால் வட்டி முடிவு இந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது. 2016-இல் திருத்திய சட்டப்படி பணக்கொள்கைக் குழுவின் ஆறு பேரும் பணவீக்கத்தை 4 சதவீதத்தில், இரண்டு புள்ளி மேலோ கீழோ, நிறுத்தப் பார்க்க வேண்டும். வளர்ச்சியையும் மனதில் கொள்ள வேண்டும். அவர்களுக்கு வளர்ச்சி விகிதம் மட்டும் போதாது. பொருளாதாரம் பணவீக்கத்தைக் கிளப்பாமல் எவ்வளவு ஓட முடியும், இப்போது எவ்வளவு ஓடுகிறது என்ற இடைவெளி வேண்டும். அந்த ‘முடியும்’ எந்தக் கணக்கேட்டிலும் இல்லை; நாமே மதிப்பிடுவது. அத்தனாசியோஸ் ஓர்பனிடிஸ் 2001-இல் எழுதிய கட்டுரையை அவசியம் படி. பிறகு சைப்ரஸ் மத்திய வங்கிக்கே ஆளுநரானவர். வட்டி முடிவை அன்று கையில் இருந்த எண்களை வைத்து எடைபோடுவதும், பின்னால் திருத்திய எண்களை வைத்து எடைபோடுவதும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டினார். 1970-களின் அமெரிக்காவைப் பற்றி அவர் சொன்னதும் இதையொட்டியதே: உற்பத்தி தன் திறனுக்கு வெகு கீழே இருப்பதாக அன்றைய மதிப்பீடுகள் காட்டின, பெடரல் ரிசர்வ் தளர்வாக இருந்தது, பணவீக்கம் மூண்டது. அந்த இடைவெளி அவ்வளவு பெரிதாக இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஆகவே பழைய வெளியீடு எதையும் அழிக்காதே. ஜனவரியில் வரும் முதல் முன் மதிப்பீடு, பிப்ரவரியின் இரண்டாவது, மே கடைசியில் வருவது, அதன்பின் வரும் திருத்தங்கள் எல்லாம் தேதியோடு தனித்தனிக் கோப்பாக இருக்கட்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எந்தத் துறை எவ்வளவு நகர்ந்தது என்று அரைப்பக்கம் எழுதி வை. ஜிஎஸ்டி வசூல், மின் நுகர்வு, இருசக்கர வாகன விற்பனை இவற்றையும் அருகில் குறித்துக்கொள். குழுவுக்குப் போகும் குறிப்பில் ஒற்றை எண்ணோடு நிறுத்தாமல், இதுவரை நடந்த திருத்தங்களை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு தூரம் ஏறலாம், இறங்கலாம் என்ற வரம்பையும் சேர். கோப்பை எந்த அமைப்பில் வைப்பது என்று குழப்பமாக இருந்தால் எழுது. என் பழைய அட்டவணைகளை அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்