ஏத்தன் மூட்டில் பாறைப்பொடி

ஏத்தன் வாழைக்குப் பாறைப்பொடி போட்ட முதல் வருஷம் பொட்டாஷை அடியோடு நிறுத்தினேன். பெரிய தப்பு. ஐந்தாம் மாதத்தில் அடி இலைகள் நுனியிலிருந்து ஆரஞ்சு மஞ்சளாகிக் கருகின. பிறகு நடுநரம்பு ஒடிந்து, பாதி இலை மரத்திலேயே தொங்கியது. குலை தள்ளியது, காய் தடிக்கவில்லை.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ஏத்தனுக்கு மூட்டுக்கு 300 கிராம் சாம்பல் சத்து என்கிறது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம். கருங்கல்லில் அது நூற்றுக்கு நாலைந்து பங்கு. ஏழு கிலோ பொடியில் அவ்வளவும் இருக்கிறதுதான், ஆனால் கல்லுக்குள் பூட்டிக் கிடக்கிறது. பத்து மாதப் பயிருக்கு அது வந்து சேராது.

இருந்தும் நான் விடவில்லை. எங்கள் குமரி மாவட்டச் செம்மண் இரண்டு பருவமழையிலும் கழுவிக் கழுவிப் புளித்த மண். புளிப்பு மண்ணில்தான் பாறை கரையும். இதே மாதிரி மண்ணுள்ள பிரேசிலில் 2013இல் பாறைப்பொடியை மண்வளப் பொருளாகச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். களர் நிலம், சுண்ணாம்பு நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

கல் உடைக்கும் கிரஷரில் கிடைக்கும் பொடியெல்லாம் ஆகாது. ஒரு பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வைத்துப் பாருங்கள். உடனே அடியில் போய் உட்கார்வது மணல். வெகுநேரம் கலங்கலாக நிற்கிற மாவுதான் நமக்கு வேண்டியது. பெல்ட்டுக்கு அடியில் படிந்திருப்பது அப்படிப்பட்டது. அதில் கறுப்பாக மினுங்கும் காக்காப்பொன் இருந்தால் விசேஷம், மற்றதைவிட அது சீக்கிரம் சத்தை விடும். மூக்கைக் கட்டிக்கொண்டு, நனைத்த பிறகே அள்ளுங்கள். இந்தத் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸுக்குக் குணமே கிடையாது. இன்னொன்று, கழிவாகக் கிடப்பதை எடுத்தால் போதும். இதற்காக ஒரு பாறையைக்கூட உடைக்கக் கூடாது.

இப்போது நேராக மூட்டில் போடுவதில்லை. பத்துக் கூடை சாணத்துக்கு ஒரு கூடை பொடி, மேலே வெட்டிய வாழைத்தண்டு, இரண்டு மாதம் ஈரம் காயாமல் மூடிவைக்கிறேன். மட்கும்போது ஊறும் அமிலம் கல்லைக் கொஞ்சம் இளக்கும். கன்று நடும் குழியில் பாதி, மூன்றாம் மாதம் மண் அணைக்கும்போது மீதி. பொட்டாஷை மண் பரிசோதனை சொல்லும் அளவுக்குக் குறையாமல் வைக்கிறேன்.

இந்த வருஷம் ஒரு வரிசைக்குச் சாணம் மட்டும், பக்கத்து வரிசைக்குப் பொடி கலந்த சாணம். ஓணத்துக்கு வெட்டும்போது இரண்டு வரிசைக் குலைகளையும் தனித்தனியே நிறுக்கப் போகிறேன்.