கடை எண் கைவிட்டுப் போகாமல் கம்பெனி மாற்றுவது எப்படி?

கடைக்குப் போட்ட முதல் எவ்வளவு என்று கேட்டால் சரக்கு, அட்வான்ஸ், அலமாரி, தராசு என்று நாம் கணக்குச் சொல்வோம். செல்போன் எண்ணை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்திருப்பது அந்த எண். கோட்டாறு கம்போளத்து மொத்த வியாபாரி நம்மைக் கூப்பிடுவது அந்த எண்ணில். வங்கியும் ஜி.எஸ்.டி. இலாகாவும் ரகசிய எண் அனுப்புவதும் அதற்குத்தான். பத்து வருடம் பழகிய எண் ஒரு நாள் நின்றுபோனால் பாதிக் கடையைப் பூட்டியதற்குச் சமம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் ஏர்செல் சேவை முடங்கியதை நாம் பார்த்தோம். அம்மாத இறுதியில் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தது. சிக்னல் இல்லாத எண்ணிலிருந்து வேறு கம்பெனிக்கு மாறுவதற்கான குறுஞ்செய்தியைக்கூட அனுப்ப முடியாமல் மக்கள் அலைந்தார்கள். அந்த அனுபவம் நமக்குச் சொன்ன பாடம் ஒன்றே. கம்பெனி போகலாம், கருவி பழுதாகலாம், எண் மட்டும் நம் கையில் நிற்க வேண்டும்.

எண் மாறாமல் கம்பெனி மாற உரிமை

எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனி மாறும் வசதி 2010 நவம்பர் 25-ல் அரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20-ல் நாடு முழுவதும் வந்தது. அப்போது ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மட்டுமே மாற முடியும். 2015 ஜூலை 3 முதல் வட்டம் விட்டு வட்டமும் மாறலாம். நம் மாவட்டத்தாருக்கு இது முக்கியம். களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் கேரள எண் வைத்திருப்பவர்கள் அதே எண்ணைத் தமிழ்நாடு வட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வாடிக்கையாளருக்கு எண் மாறாது.

யார் பெயரில் இருக்கிறது?

முதல் வேலையாக, எண் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கடைப்பையன் பெயரிலோ, காலமான தகப்பனார் பெயரிலோ வாங்கிய சிம்மை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கும் கடைகள் உண்டு. ஆவணப்படி உரியவர் வந்து நின்றால்தான் கம்பெனி மாற்றம் நடக்கும். வேலையை விட்டுப் போன பையன் மனது வைத்தால்தான் நம் கடை எண் நமக்கு என்ற நிலை வரக் கூடாது. ஆகவே முதலில் இப்போதைய கம்பெனியிலேயே பெயர் மாற்றம் செய்துகொள்ளுங்கள். காலமானவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுக்கான ஆவணமும் கேட்பார்கள். பெயர் மாற்றம் முடியும்வரை கம்பெனி மாற முடியாது.

மாற்றும் முறை

செல்போனில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் போர்ட் என்று அடித்து, இடம்விட்டு, நமது பத்து இலக்க எண்ணை அடித்து, அதே எண்ணிலிருந்து 1900-க்கு அனுப்ப வேண்டும். சாதாரண ரீசார்ஜ் திட்டத்தில் குறுஞ்செய்தி வசதி இல்லாவிட்டாலும் இதை அனுமதிக்க வேண்டும் என்று டிராய் 2021 டிசம்பரில் உத்தரவிட்டுள்ளது. பதிலாக எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். தமிழ்நாட்டில் அதற்கு நான்கு நாள் ஆயுள். அதற்குள் புதிய கம்பெனியின் கடைக்கு ஆதார் அட்டையோடு சென்று புதிய சிம் வாங்க வேண்டும்.

2019 டிசம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, வட்டத்துக்குள் என்றால் 3 வேலை நாட்களிலும், வட்டம் விட்டு வட்டம் என்றால் 5 வேலை நாட்களிலும் மாற்றம் முடிய வேண்டும். மனசு மாறினால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம்.

குறியீடு கிடைக்கச் சில நிபந்தனைகள் உண்டு. இப்போதைய கம்பெனியில் 90 நாள் பூர்த்தியாகியிருக்க வேண்டும். மாதாந்திர பில் பாக்கி இருக்கக் கூடாது. தொலைந்த சிம்முக்கு மாற்று சிம் வாங்கியிருந்தால், 2024 ஜூலை 1 முதல் உள்ள விதிப்படி 7 நாள் பொறுக்க வேண்டும். இது திருடரிடமிருந்து நம்மைக் காக்க வந்த விதி. சிரமம் என்று எண்ண வேண்டாம்.

அந்த எட்டு எழுத்துக் குறியீட்டைப் போனில் கேட்கும் எவரிடமும் சொல்லாதீர்கள். கல்லாச் சாவியைக் கொடுப்பதும் அதைக் கொடுப்பதும் ஒன்றுதான். பழைய கம்பெனியில் மிச்சமிருக்கும் ரீசார்ஜ் புதிய கம்பெனிக்கு வராது. ஆகவே கெடு முடியும் தறுவாயில் மாறுவதே லாபம். ஆனால் கெடு முடிந்து சேவை நிற்கும்வரை காத்திருக்கவும் கூடாது.

எந்தக் கம்பெனி? எந்த நாள்?

2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை உயர்த்தியபோது பலர் அவசரப்பட்டு மாறினார்கள். கட்டணம் மட்டும் பார்த்தால் போதாது. நாகர்கோவிலில் நன்றாக எடுக்கும் சிக்னல் கீரிப்பாறை, பேச்சிப்பாறை மலையோரத்தில் எடுக்காமல் போகலாம். அந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கும் ஒருவரை நம் கடைக்குள், கிட்டங்கிக்குள் நிற்கவைத்துப் பேசிப் பாருங்கள்.

வியாபாரம் சூடாக இருக்கும் நாளில் மாறாதீர்கள். ஓணத்துக்கு முந்தின வாரம் தோவாளைப் பூ வியாபாரியும், கோட்டாறு சவேரியார் திருவிழா நாளில் அந்தப் பகுதிக் கடைக்காரரும் இதில் இறங்கக் கூடாது. மாறும்போது சில மணி நேரம் எண் இயங்காது. புதிய சிம் போட்ட பின்னும் ஒரு நாள் வங்கிக் குறுஞ்செய்தி வராமல் போகலாம் என்று எண்ணியே திட்டமிடுங்கள். மொத்த வியாபாரிக்கு அனுப்ப வேண்டிய பணத்தை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள்.

புதிய போன் வாங்கும்போது

கம்பெனியையும் போனையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். எது தகராறு செய்கிறது என்றே தெரியாது. சிம் மாறி ஒரு வாரம் ஓடிய பிறகு போனை மாற்றுங்கள்.

பணம் கொடுக்கும் முன் *#06# அடித்து 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பாருங்கள், பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். பழைய போன் வாங்குவோர், ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்று அடித்து, இடம்விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு அனுப்பினால் போனின் விவரம் தெரியும். அந்த எண்ணைக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி மூலம் அதை முடக்க அந்த எண் வேண்டும்.

செல்போனுக்கு 2020 ஏப்ரல் 1 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 10,000 ரூபாய் போனுக்கு வரி 1,800 ரூபாய். கடை உபயோகத்துக்கு வாங்குவோர் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டு பில் கேட்டு வாங்கினால், அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க வழியுண்டு. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது இல்லை. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய போனை விற்கும் முன், புதியதில் யு.பி.ஐ. பணம் போய் வருகிறதா, வாட்ஸ்அப் ஆர்டர்கள் வந்து சேர்ந்தனவா, வாடிக்கையாளர் எண்கள் ஏறினவா என்று பார்த்து, பிறகு பழையதை முழுவதுமாக அழித்துக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் மின்சாரமும் போனும் படுத்தது நினைவிருக்கும். வசதியுள்ளவர்கள் வேறு கம்பெனியின் இரண்டாவது எண் ஒன்றையும் வைத்து, அதையும் பில்லில் அச்சடித்துக்கொள்வது நல்லது.

இன்று இரவு கடை அடைத்ததும் ஒரே ஒரு வேலை செய்வோம். நம் கடை எண் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.