நாற்றம் போனால் நோய் போகுமா?

கேள்வி: பினாயில் நெடி மூக்கைத் துளைத்தால்தான் கிருமி செத்தது என்று அர்த்தம் என்கிறார் என் மாமியார். வாசனைக்கும் கிருமிக்கும் சம்பந்தம் உண்டா? ‘டிஸ்இன்ஃபெக்ட்’ என்பதற்கு உண்மையில் என்ன பொருள்?

பதில்: உங்கள் மாமியாரின் நம்பிக்கை, ஒரு காலத்தில் ஐரோப்பிய மருத்துவர்களுக்கே இருந்தது. ‘இன்ஃபெக்ட்’ என்பதன் லத்தீன் வேர்ச்சொல்லுக்குத் தோய்ப்பது, சாயமேற்றுவது, கறைப்படுத்துவது என்று பொருள். அழுகிய பொருளிலிருந்து எழும் கெட்ட காற்றுதான் நோயைத் தருகிறது என்று நம்பியபோது, காற்று கெடுவதையும் அந்தச் சொல்லாலேயே குறித்தார்கள். அப்படியானால் டிஸ்இன்ஃபெக்ட் செய்வது? நாற்றத்தைப் போக்குவதுதான்.

1820-களில் பாரிஸ் மருந்தாளுநர் லபராக், விலங்குக் குடல் பதப்படுத்தும் பட்டறைகளின் துர்நாற்றத்தைக் குளோரின் கரைசலால் போக்கிப் பெயர் பெற்றார். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறியபோது, லண்டன் நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளை பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். எதிரி கிருமி அல்ல, வாடை.

தவறான காரணம் சரியான மருந்தைக் கையில் கொடுத்ததும் உண்டு. 1847-இல் வியன்னா பிரசவ வார்டில் மருத்துவர் செம்மல்வைஸ், பிணப் பரிசோதனை முடித்து வரும் மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். சோப்புக்கும் போகாத பிணவாடையை அது போக்கியது என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த தாய்மார் மரணம், ஜூனில் 2 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. எத்தனை உயிர்கள்!

சொல்லின் பொருளை மாற்றியவர் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக். 1881-இல் அவர் ஆந்த்ராக்ஸ் கிருமியின் வித்துகளை, அதாவது அதன் எளிதில் சாகாத உறைவடிவங்களை, பட்டு நூலில் காயவைத்து, மருந்துகளில் ஊறப்போட்டு, எடுத்து வளர்த்துப் பார்த்தார். வளர்ந்தால் மருந்து தோற்றது. அறுவை மருத்துவர்கள் பெரிதும் நம்பிய கார்பாலிக் அமிலம், எண்ணெயில் கலந்தபோது அந்த வித்துகளை ஒன்றும் செய்யவில்லை. அன்றிலிருந்து மூக்குக்கு இதில் வேலையில்லை, ஆய்வுக்கூடம்தான் சாட்சி.

இன்று இச்சொல் தரை, மேசை, கருவி போன்றவற்றில் நோய்க்கிருமிகளை ஒழிப்பதைக் குறிக்கிறது. வித்துகள் தப்பலாம், அவற்றையும் அழித்தால்தான் ஸ்டெரிலைசேஷன்.

ஆகவே மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: முதலில் அழுக்கு போகக் கழுவி, பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் கலந்து, அதில் சொன்ன நேரம்வரை தரையை ஈரமாக விட வேண்டும். துடைத்த கையோடு ஃபேனைப் போட்டுக் காயவைத்தால், வாசனை மட்டும்தான் மிஞ்சும். நெடி போதவில்லை என்று பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், எழுவது நச்சுவாயு.