இராணுவ வாகனத் திருத்தகத்தில் மேற்பார்வை

பெரிய வேலைத்தலமொன்றில் கடமைகள் எவ்வாறு பிரிக்கப்படுகின்றன என்பதற்கு ஐக்கிய அமெரிக்கத் தரைப்படையின் வாகனத் திருத்தகம் சிறந்த உதாரணமாகும். அங்குள்ள பிரதான மேற்பார்வைப் பதவிகளைக் கவனியுங்கள்.

1. வாரண்ட் அதிகாரி - தொழினுட்ப ஆலோசகர். சிக்கலான பழுதுகளின் காரணத்தைக் கண்டறிய வழிகாட்டுவார்.

2. மோட்டார் சார்ஜன் - எந்த வாகனத்தை முதலில் திருத்துவது, யார் திருத்துவது என முடிவுசெய்து வேலையைப் பகிர்ந்தளிப்பார்.

3. பரிசோதகர் - திருத்த வேலைக்கு முன்னும் பின்னும் வாகனத்தைப் பரிசோதிப்பார்.

பாரதூரமான குறைபாடு காணப்பட்டால் வாகனப் படிவத்தில் ‘எக்ஸ்’ குறி இடப்படும். குறைபாடு நீங்கும்வரை அவ்வாகனத்தைப் பயன்படுத்தலாகாது. அக்குறியைச் சுற்றி வட்டமிடப்பட்டிருப்பின், மேலதிகாரி விதித்த வரையறைக்குள் மாத்திரம் பயன்படுத்தலாம்.

மாதிரி வினா: அவசரப் பயணத்துக்குரிய வாகனமொன்றில் பிறேக் எண்ணெய் கசிந்தது. “திருத்திவிட்டேன்” என்கிறார் திருத்துநர். பரிசோதகர் உடனே கையொப்பமிடலாமா?

விடை: இல்லை. கசிவு நின்றதையும் பிறேக் சரியாகத் தொழிற்படுவதையும் தாமே பரிசோதித்த பின்னரே கையொப்பமிட வேண்டும். பிறர் சொல்லை நம்பிக் கையொப்பமிட்டால், அவ்வாகனத்திற் செல்வோரின் உயிருக்கு ஆபத்து நேரலாம்.

குறிப்பு: பதவிகளின் பெயரை மாத்திரம் எழுதாது, ஒவ்வொன்றுக்குமுரிய கடமையையும் சேர்த்து எழுதுக.