தனக்குத் தானே ஆணையிடும் உயிரணு

தோட்டத்தில் எந்த வேலையும் காலைப் பெரட்டில் உத்தரவு கிடைத்த பின்னரே தொடங்கும். நம் உடலிலும் இத்தகைய ஒழுங்கு உண்டு.

உடலின் உயிரணு தன் விருப்பம்போல் இரண்டாகப் பிரிவதில்லை. காயம் பட்டால், அண்டையிலுள்ள உயிரணுக்கள் 'வளர்ச்சிக் காரணி' என்னும் பொருளைச் சுரக்கின்றன. உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள 'ஏற்பி'யில் அது பூட்டில் சாவி பொருந்துவதுபோல் பொருந்துகிறது. உடனே பிரியுமாறு உள்ளே ஆணை செல்கிறது. காயம் ஆறியதும் ஆணை நின்றுவிடும், பிரிதலும் நின்றுவிடும்.

சில வேளைகளில் உயிரணு தான் சுரந்த பொருளைத் தானே ஏற்பதும் உண்டு. இதனைத் தற்சுரப்புத் தூண்டல் எனலாம். இது இயல்பாகவே தீயதன்று. நோய்க்கிருமி புகுந்ததும், வெள்ளணுக்களில் ஒருவகை 'இன்டர்லூக்கின்-2' என்னும் பொருளைச் சுரந்து, அதனாலேயே தூண்டப்பெற்றுப் பெருகுகிறது. கிருமி அழிந்ததும் அப்பெருக்கம் அடங்கிவிடுகிறது.

புற்றணுவோ அடங்குவதில்லை. அது பெரட்டுக்கு வாராமல், தன் உத்தரவைத் தானே எழுதிக்கொள்ளும் ஆளைப் போன்றது. புற்றணுக்கள் தமக்கு வேண்டிய வளர்ச்சிக் காரணியைத் தாமே சுரந்து ஓயாது பிரியக்கூடும் என்னும் கருத்தை, 1980-ஆம் ஆண்டில் மைக்கேல் ஸ்போர்ன், ஜார்ஜ் டொடாரோ என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வெளியிட்டனர்.

இஃது எங்கோ நிகழும் செய்தியன்று. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியரிடையே மிகுதியாகக் காணப்பட்டு வந்துள்ளது. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கமே அதற்கு முக்கியக் காரணம். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை விளைவிக்கும் என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியுள்ளது. கன்னத்தில் அடக்கி வைக்கும் தாம்பூலம், அங்குள்ள உயிரணுக்களின் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. வாய்ப்புற்றுகள் பலவற்றில் ஒரு வளர்ச்சிக் காரணியும் அதன் ஏற்பியும் ஒருங்கே மிகுந்திருத்தலை ஆய்வாளர் கண்டுள்ளனர். அந்த ஏற்பியை அடைக்கும் 'செடுக்சிமாப்' என்னும் மருந்து 2006-இல் அமெரிக்காவில் தலை, கழுத்துப் புற்றுகளுக்கு ஒப்புதல் பெற்றது.

எனினும், மருந்தினும் சிறந்தது முன்னரே கண்டறிதல். வாயினுள் வெண்படலம், செம்படலம், இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாயைத் திறப்பதில் இறுக்கம் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். தொடக்கத்தில் வலி இராது. வலி இல்லையென வாளா இருத்தலே பேராபத்து. தானா ராத்தா வட்டாரத்துத் தோட்ட மக்கள் உடனே அரசாங்கப் பல் மருத்துவரை நாடுதல் வேண்டும். வீட்டிலுள்ள முதியோரையும் அழைத்துச் செல்லுதல் நம் கடமை.

தாம்பூலம் தட்டில் இருக்கட்டும், கன்னத்தில் வேண்டா.