பதறாத காரியம் சிதறாது



இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும் காலத்தில் பள்ளித் திடலில் ஒரு காட்சியைக் காண்கிறோம். முதல் நாளே மாணவர் பலர் மூச்சு முட்ட ஓடுகின்றனர். மறுநாள் கால்வலியால் நொண்டுகின்றனர். மூன்றாம் நாள் திடலுக்கே வருவதில்லை. பெரியவர்களும் இதற்கு விலக்கல்லர். இனிப்புநீர் உள்ளதென மருத்துவர் சொன்ன அன்றே நெடுந்தூரம் ஓடிவிட்டு, ஒரே வாரத்தில் கைவிடுவோர் உளர். 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வுப்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. ஆகவே இது விளையாட்டுச் செய்தி மட்டுமன்று. குடும்பங்களின் நலன் பற்றியதுமாகும்.

1998ஆம் ஆண்டு கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடைபெற்றன. அதில் 50 கிலோமீட்டர் விரைவு நடையில் நம் நாட்டு வீரர் கோவிந்தசாமி சரவணன் தங்கப் பதக்கம் வென்றார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 4 மணி 10 நிமிடம். கணக்கிட்டுப் பார்த்தால், சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம். விரைவு நடையில் ஓடுதல் கூடாது; ஒரு பாதமேனும் எப்போதும் தரையைத் தொட்டிருக்க வேண்டும். இத்தகைய போட்டியில் தொடக்கத்திலேயே வலிமையைச் செலவழிப்பவர் இறுதிவரை தாக்குப் பிடிப்பது அரிது.

நம் உடலும் அவ்வாறே இயங்குகிறது. பயிற்சியின்போது தசைகள் களைப்படைகின்றன. ஓய்விலும் உறக்கத்திலுமே அவை வலுப்பெறுகின்றன. இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழகக் கூடுதல் காலம் வேண்டும். மூச்சு எளிதாகிவிட்டதென்று திடீரென வேகத்தைக் கூட்டினால் காயம் நேர்வது இதனால்தான்.

எனவே மூன்று விதிகளைக் கைக்கொள்வோம்.

1. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சுத் திணறினால் வேகத்தைக் குறைத்தல் நன்று.

2. முதல் வாரம் நாள்தோறும் 15 நிமிடம் நடப்போம். பின்னர் வாரத்திற்கு 5 நிமிடம் கூட்டினால் நான்காம் வாரத்தில் 30 நிமிடத்தை எட்டலாம். வாரத்தில் ஐந்து நாள் இவ்வாறு நடந்தால் 150 நிமிடமாகும். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் குறைந்த அளவு இதுவே. சிறுவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட விளையாட்டு வேண்டும்.

3. ஓய்வு நாளை ஒதுக்குதல் வேண்டும். நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும்.

விடியற்காலை முதல் செம்பனைக் குலை அறுக்கும் தொழிலாளரின் உடல் அன்றைக்கே போதிய உழைப்பைக் கண்டுவிடுகிறது. அவருக்குத் தேவை தண்ணீரும் நல்ல உறக்கமுமே. நாள் முழுதும் தொழிற்சாலையில் அமர்ந்து பணி செய்வோரே வெயில் தணிந்தபின் நடத்தல் வேண்டும்.

மாணவர்களே, இன்று யார் முந்தினர் என்பதைவிட, அடுத்த ஆண்டும் யார் திடலில் இருப்பர் என்பதே பெரிது.

பயிற்சி வினா: ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம் எனில், 30 நிமிடத்தில் எத்தனை கிலோமீட்டர் நடக்கலாம்? உங்கள் வேகத்தையும் பெற்றோருடன் நடந்து அளந்து எழுதுக.