விலை பேசாத வியாபாரம்

(ஜும்ஆ பயானின் எழுத்து வடிவம்)

 

வீட்டில் இருக்கும் பழைய பொருளை ஃபோனில் விளம்பரம் போட்டு விற்பதைப் பற்றி இன்று பேசப் போகிறேன். "ஹஸ்ரத், மிம்பரில் பேச வேறு விஷயம் இல்லையா?" என்று சிலர் நினைக்கலாம். வியாபாரம் நம் மார்க்கத்தில் ஒதுக்குப்புறமான பாடம் அல்ல. ஃபிக்ஹு கிதாபுகளைத் திறந்தால் தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ்ஜுக்கு அடுத்து பெரிய பகுதியாக வருவது கொடுக்கல் வாங்கல்தான். அதோடு, கடந்த சில மாதங்களில் இந்த விஷயத்துக்காக என் அறைக்கு வந்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. அதில் ஒரு சம்பவத்தைப் பெயர் சொல்லாமல் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட தம்பியிடம் அனுமதி கேட்டுக்கொண்டேன்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த அந்தத் தம்பி, அக்கா கல்யாணச் செலவுக்காகத் தன் பைக்கை விற்க நினைத்தார். போட்டோ எடுத்து, 48,000 ரூபாய் என்று போட்டு, ஒரு விற்பனை ஆப்பில் ஏற்றினார். ஒரு மணி நேரத்தில் ஃபோன். பேரம் இல்லை. "48,000 தந்துவிடுகிறேன். எனக்குப் பணம் தர வேண்டிய ஒருவர் இருக்கிறார். அந்தக் கடனுக்குப் பதிலாக இந்த வண்டியை அவருக்கு முடித்துத் தருகிறேன். அவர் நேரில் வந்து பார்ப்பார். எங்களுக்குள் கணக்கு வேறு, அதனால் அவரிடம் விலையைப் பற்றிப் பேசாதீர்கள். கேட்டால் என் தம்பி என்று மட்டும் சொல்லுங்கள்" என்றான் பேசியவன்.

அதே நேரத்தில் அந்த ஆள் வேறொரு வேலையும் செய்திருக்கிறான். இந்தத் தம்பி போட்ட அதே போட்டோக்களை எடுத்து, 30,000 ரூபாய் என்று தானே ஒரு விளம்பரம் போட்டிருக்கிறான். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர், மகன் காலேஜுக்குப் போக வண்டி தேடியவர், அதைப் பார்த்து ஃபோன் செய்திருக்கிறார். அவரிடம், "வண்டி என் தம்பியிடம் இருக்கிறது. விற்பதில் அவனுக்கு வருத்தம், அவனிடம் விலை பேசாதீர்கள். பார்த்துப் பிடித்திருந்தால் எனக்குப் பணம் அனுப்புங்கள், அவன் சாவி தந்துவிடுவான்" என்று சொல்லியிருக்கிறான்.

இருவரும் நம் பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் சந்தித்தார்கள். பெரியவர் வண்டியை ஓட்டிப் பார்த்தார். "ஃபோனில் பேசினவர் உங்க அண்ணன்தானே தம்பி?" என்று கேட்டார். தம்பி "ஆமாங்க" என்றார். பெரியவர் அங்கேயே நின்று 30,000 ரூபாயை அனுப்பினார். இவர் தன் ஃபோனைப் பார்த்துக்கொண்டே நின்றார். 48,000 வரவில்லை. அந்த நம்பருக்கு இருவரும் மாறி மாறி அடித்தார்கள். ஸ்விட்ச் ஆஃப்.

பெரியவர் "பணம் கொடுத்துவிட்டேன், சாவியைக் கொடு" என்கிறார். இவர் "எனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை" என்கிறார். கூட்டம் கூடிவிட்டது. அஸர் தொழுகைக்கு முன்னால் இருவரையும் என் அறைக்கு அழைத்து வந்தார்கள்.

ஜமாஅத்தார்களே, ஃபிக்ஹின்படி பார்த்தால் இதற்குப் பதில் சிரமமானது இல்லை. ஒரு வியாபாரம் கூட விற்பவரின் சொல்லும் வாங்குபவரின் ஒப்புதலும் வேண்டும். ஈஜாப், கபூல் என்று நாம் ஓதுவோம். விலை இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் அந்த இடத்தை விட்டுப் பிரியும்வரை முறித்துக்கொள்ள உரிமை உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹப். பேச்சு முடிந்தாலே வியாபாரம் முடிந்தது என்பது ஹனஃபி மத்ஹப். ஆனால் விலை தெரிந்திருக்க வேண்டும் என்பதில் இரு மத்ஹபுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. இங்கே ஒருவர் மனதில் 48, இன்னொருவர் மனதில் 30. இவர்கள் இருவருக்கும் இடையில் வியாபாரமே நடக்கவில்லை. வண்டி தம்பியுடையது. பெரியவரின் பணம் ஏமாற்றியவனிடம் இருக்கிறது.

இதை நான் சொல்லி முடித்ததும் அந்தப் பெரியவர் அமைதியாக ஒரு கேள்வி கேட்டார். "பாய், நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா இந்தத் தம்பி 'ஆமா, எங்க அண்ணன்தான்'னு சொன்னதாலதானே நான் பணம் அனுப்பினேன்?"

என்னிடம் பதில் இல்லை. தம்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

கவனியுங்கள். அவர் திருடர் இல்லை, அவரும் ஏமாற்றப்பட்டவர்தான். ஆனால் அந்த மோசடி ஒரேயொரு பொய்யின் மேல் நின்றது. அந்தப் பொய்யைச் சொல்ல ஏமாற்றுக்காரனுக்கு ஒரு வாய் தேவைப்பட்டது, நம் பிள்ளையின் வாய் கிடைத்தது. "நீங்க எவ்வளவுக்கு வாங்குறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டீ ஆறுவதற்குள் விஷயம் உடைந்திருக்கும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிந்துவிடும் என்ற கருத்தில் வரும் ஹதீஸை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பரக்கத் என்றால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அன்று அது 30,000 ரூபாயாக என் கண் முன்னால் போனது.

அன்று நாங்கள் செய்த சரியான காரியம், சண்டையை நிறுத்திவிட்டு 1930 என்ற எண்ணுக்கு அடித்தது. சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. பணம் போன கணக்கு, நேரம், பரிவர்த்தனை எண் மூன்றையும் கேட்டார்கள். உடனே சொன்னால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் வங்கிகள் மூலம் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. பெரியவரின் பணத்தில் ஒரு பகுதி அப்படி நின்றது. அது அவர் கைக்கு வர மாதங்கள் ஆயின. மீதி போனது போனதுதான்.

என் வீட்டில் நடந்தது

மற்றவர் கதையை மட்டும் சொன்னால் நியாயம் ஆகாது. நானும் மாட்ட இருந்தவன். வீட்டுப் பழைய பிரிட்ஜை 6,500 ரூபாய்க்கு விளம்பரம் போட்டோம். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி ஒருவர் அழைத்தார். என் பெயரைப் பார்த்துவிட்டு முதல் வார்த்தையே ஸலாம். அடையாள அட்டை போட்டோ, சீருடை போட்டோ எல்லாம் வந்தது. மதரஸாவில் படித்த உர்தூவைப் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நான் கால் மணி நேரம் பேசிவிட்டேன்! பொருளைப் பார்க்கவே வேண்டாம், வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒரு கியூஆர் கோடு அனுப்பி, "சோதனைக்கு 2 ரூபாய்" என்றார். ஸ்கேன் செய்தேன், 2 ரூபாய் போனது, உடனே அவர் 4 ரூபாய் திருப்பி அனுப்பினார். நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த கியூஆர் கோடு 6,500-க்கு வந்தது. பின் நம்பர் போடப் போனபோது, பிளஸ் டூ படிக்கும் என் மகள் கையைப் பிடித்துவிட்டாள். "அத்தா, பின் போட்டா பணம் போகும், வராது."

இதை நன்றாக மனதில் வையுங்கள். கியூஆர் கோடு என்பது பணம் போய்ச் சேர வேண்டிய விலாசம். பின் நம்பர் என்பது உங்கள் பெட்டியின் சாவி. ஒருவர் நமக்குப் பணம் தருவதாக இருந்தால், அவர் பெட்டியைத்தான் திறக்க வேண்டும், நம் பெட்டியை அல்ல. யுபிஐ-யில் பணம் வாங்க ஸ்கேன் தேவையில்லை, பின் தேவையில்லை, ஓடிபி தேவையில்லை. தனிநபர்கள் ஒருவருக்கொருவர் "பணம் தா" என்று கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள், காரணம் இந்த மோசடிகள்தான். ஆனால் கியூஆர் கோடு இன்னும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது.

இன்னொரு தந்திரம் எனக்கு அதிகக் கோபத்தைத் தருகிறது. ஏனென்றால் அது நம் நேர்மையையே ஆயுதமாக்குகிறது. 1,500-க்குப் பதில் 15,000 வந்ததாக உங்கள் ஃபோனுக்கு ஒரு மெசேஜ் வரும். உடனே அழைத்து, "தவறுதலாக ஒரு சைபர் கூடிவிட்டது, ஆஸ்பத்திரிச் செலவுப் பணம், மீதியை அனுப்புங்கள்" என்று அழுவார்கள். அடுத்தவர் பணம் நம்மிடம் இருக்கக் கூடாதே என்று பதறி நல்ல மனிதர்கள் அனுப்பிவிடுகிறார்கள். அந்த மெசேஜ் வங்கியிலிருந்து வந்ததே அல்ல. உங்கள் வங்கி ஆப்பில் இருப்பைப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம், இருப்பை மட்டும் நம்புங்கள். உண்மையாகவே கூடுதலாக வந்திருந்தால் வங்கிக்குத் தெரிவியுங்கள், அவர்கள் வழியாகவே போகட்டும். அமானத்தை ஒப்படைப்பது என்றால் உரியவரிடம் ஒப்படைப்பது. ஃபோனில் கத்துபவர்தான் உரியவர் என்று யார் சொன்னது? அது இன்னொரு ஏமாந்தவரின் பணமாகக்கூட இருக்கலாம். அப்படிப்பட்ட பணம் வந்துசேர்ந்து, பொருளை விற்றவரின் கணக்கே முடக்கப்பட்டதும் நடக்கிறது. அதனால் நேரில் வந்து நிற்பவரின் பெயரும் பணம் அனுப்பிய கணக்கின் பெயரும் ஒன்றா என்று கேட்டுவிடுங்கள்.

அப்படிக் கேட்க நமக்குக் கூச்சம். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஒரு ஸஹாபி, வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துகொண்டே இருந்தார். ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்று அவர் பெயர் சில அறிவிப்புகளில் வருகிறது. "நீ ஏன் இப்படி ஏமாறுகிறாய்?" என்று நபியவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை. எப்போது வியாபாரம் செய்தாலும், இதில் ஏமாற்று வேலை கூடாது என்று எதிராளியிடம் வாய்விட்டுச் சொல்லிவிடும்படி கற்றுக்கொடுத்தார்கள். மூன்று நாள் அவகாசமும் அவருக்குத் தரப்பட்டதாக இன்னொரு அறிவிப்பில் உண்டு. ஆக, நிபந்தனை கேட்பது அவமரியாதை அல்ல, அது சுன்னத்தில் உள்ள பாதுகாப்பு.

வண்டி விற்பவர்களுக்கு ஒரு விஷயம். பணத்தை வாங்கி, சாவியைக் கொடுத்து, ஸலாம் சொன்னதும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். ஆர்சி புக்கில் பெயர் மாறும்வரை சட்டத்தின் முன் உரிமையாளர் நீங்கள்தான். பெயர் மாற்றாமல் விற்ற வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. படிவம் 29, படிவம் 30 இரண்டையும் முடித்து, விற்ற 14 நாட்களுக்குள் ஆர்டிஓ ஆபீசுக்குத் தெரிவித்துவிடுங்கள்.

ஃபோன் விற்பவர்கள் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, மெமரி கார்டையும் சிம்மையும் எடுத்து, முழுவதும் அழித்த பிறகே கொடுங்கள். நம் வீட்டுப் பெண்களின் போட்டோ அதில் இருக்கிறது. வாங்குபவர்கள் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணைப் பாருங்கள். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, அந்த 15 இலக்க எண், இதை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் முடக்கப்பட்ட ஃபோனா என்று தெரிந்துவிடும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே மலிவுக்காக வாங்குவது ஹராம், இதில் விளக்கம் சொல்ல ஒன்றுமில்லை.

நாம் விற்கும்போது நாம் எப்படி? மதீனா கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். நம் விளம்பரங்களில் ஈரம் எங்கே இருக்கிறது? டிஸ்ப்ளே மாற்றிய ஃபோனுக்கு "கீறல்கூட இல்லை" என்று போடுகிறோம். மூன்று கை மாறிய வண்டிக்கு "சிங்கிள் ஓனர்" என்கிறோம். ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் குறையைப் போட்டோ எடுத்து முதலில் போடுங்கள்.

கடைசியாக, ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். "படிச்ச பையன், இதுகூடத் தெரியலையா" என்ற பேச்சுக்குப் பயந்து அந்தத் தம்பி நான்கு நாள் தன் அத்தாவிடம் சொல்லவில்லை. டீக்கடையில் சண்டை வெடித்ததால்தான் அன்றே 1930-க்கு அடிக்க முடிந்தது. தனியாக ஏமாந்திருந்தால் மறைத்திருப்பேன் என்று அவரே சொன்னார்.

பெரியவருக்குப் பணம் தரும்படி நான் தம்பியிடம் சொல்லவில்லை, சொல்ல எனக்கு ஆதாரமும் இல்லை. இரண்டு மாதம் கழித்து வண்டியை வேறொருவருக்கு நேரில் பேசி 46,000-க்கு விற்றார். அதில் 5,000 ரூபாயை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போய், "அந்த 'ஆமா'வுக்காக" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பெரியவர் முதலில் வாங்க மறுத்தாராம்.

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மதரஸா அறையில் நம் இளைஞர்கள் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். பொருள் விற்க விளம்பரம் போட்டிருப்பவர்கள், சந்தேகமான மெசேஜ் வந்தவர்கள், ஃபோனோடு அவர்களைப் போய்ப் பாருங்கள். பின் நம்பரை மட்டும் அவர்களிடமும் சொல்லாதீர்கள்.